கண்ணை மூடிக்கொண்டு பார்த்த படம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு இந்தத் தடவை உண்மையாகவே காரணம் இருக்கிறது. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, போன செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். கண்ணைக் கசக்காதே, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, எடை தூக்காதே, டாக்டர் சொன்னது இவ்வளவுதான். வசந்தா தன் பங்குக்கு டி.வி., செல்போன், பேப்பர் மூன்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டாள். இடது கண் சும்மாதானே இருக்கிறது என்றேன். "ஒரு கண்ணு திரும்பினா இன்னொண்ணும் கூடத்தானே திரும்பும்?" என்றாள். இதற்கு நான் என்ன சொல்ல?

அன்று சாயங்காலம் இருட்டு அறையில் மல்லாந்து கிடக்கிறேன். ஹாலில் பையன் ஏதோ படம் போட்டான். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நிலாவின் மேல் நிழல் நகர்கிறது, அமெரிக்கக் கொடியை மறைத்துக்கொண்டு கப்பல் போகிறது. உனக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். ஆமாம், அதேதான், வேற்றுக்கிரகத்தார் பூமியைத் தாக்குகிற அந்த 1996 ஹாலிவுட் படம், 'இண்டிபென்டென்ஸ் டே'. திட்டாதே. இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படத்தை முழுசாகக் காதாலேயே பார்த்து முடித்தேன். எந்த இடத்தில் கோல்ஃப் பந்து உருளும், எந்த இடத்தில் நாய் குரைக்கும் என்று எல்லாம் மனப்பாடம். வில் ஸ்மித் வேற்றுக்கிரகத்தானின் முகத்தில் குத்து விடும் இடத்தில் நான் சிரித்த சத்தம் கேட்டு வசந்தா எட்டிப் பார்த்தாள். கண் மூடித்தான் இருந்தது. கேஸ் நிற்கவில்லை.

மவுண்ட் ரோட்டில் நைட் ஷோ பார்த்துவிட்டு மேன்ஷனுக்கு நடந்து வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாய். ஜெஃப் கோல்ட்ப்ளம் தன் ஆப்பிள் மடிக்கணினியிலிருந்து எதிரியின் தாய்க்கப்பலுக்கு வைரஸ் ஏற்றியதும் தியேட்டரே கைதட்டியது. நீ மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டாய். வாலாஜா சாலை முழுக்கப் புலம்பல். "எங்க சென்டர்ல ஒண்ணாம் நம்பர் மெஷின்ல எழுதின ஃப்ளாப்பி மூணாம் நம்பர் மெஷின்ல ஓடாதுடா! இவன் வேற கிரகத்து மெஷின்ல ஏத்துறானாம், அதுவும் போன உடனே கனெக்ட் ஆகுதாம்!" டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவரிடம்கூட இதை விளக்கிக்கொண்டிருந்தாய்.

நீ சொன்னது அத்தனையும் சரி. வெட்டி எறிந்த ஒரு காட்சியில் அதற்குக் காரணம் வைத்திருந்தார்களாம்: நம் கம்ப்யூட்டர் வித்தையே அமெரிக்காவின் ரோஸ்வெல் ஊரில் விழுந்த அவர்கள் கப்பலைப் பிரித்துப் பார்த்துக் கற்றதுதான் என்று. அது இருந்திருந்தாலும் நீ விட்டிருக்க மாட்டாய். ஓட்டை அது ஒன்றுதானா? தாய்க்கப்பல் 550 கிலோமீட்டர் அகலம், நிலாவின் எடையில் கால் பங்கு என்று படத்திலேயே சொல்கிறார்கள். அப்படி ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் கடல் சும்மா இருக்குமா? ஊருக்கு மேல் நிற்கும் கப்பல் ஒவ்வொன்றும் 24 கிலோமீட்டர். அதைச் சுட்டு வீழ்த்திவிட்டு எல்லோரும் குதிக்கிறார்கள். அது விழுகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஜனாதிபதியே போர் விமானம் ஓட்டுகிறார், பயிருக்கு மருந்தடிக்கிற குடிகாரர் இன்னொன்று ஓட்டுகிறார். இந்தக் குடிகாரர் முதலில் எடுத்த காட்சியில் தன் பழைய இரட்டை இறக்கை விமானத்திலேயே ஏவுகணையைக் கட்டிக்கொண்டு வந்தாராம். முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு மாற்றிவிட்டார்கள். ஆக, நாம் பார்த்தது அடக்கி வாசித்த வடிவம், சேகர்!

ஆனால் வைரஸ் விஷயத்தில் எனக்கு ஒரு சிறு மறுப்பு உண்டு. எச்.ஜி. வெல்ஸ் 1898இல் புத்தகமாக வெளியிட்ட 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில் செவ்வாய்க்கிரகத்தார்களைப் பீரங்கியால் ஜெயிக்க முடியாது, கடைசியில் நம்மூர்க் கிருமி தொற்றிச் சாவார்கள். அந்தக் கிருமியின் பேரன்தான் இந்த வைரஸ். படத்தில் ஜெஃப் கோல்ட்ப்ளமுக்கு யோசனை எப்படி வருகிறது பார்: குடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும் மகனை, எழுந்திரு, சளி பிடிக்கப்போகிறது என்று அப்பா அதட்டுகிறார். அதிலிருந்து பொறி தட்டுகிறது. உலகத்தையே ஒரு அப்பாவின் நச்சரிப்பு காப்பாற்றுகிறது. இந்த ஒரு இடத்துக்காக நான் ஆயிரம் ஃப்ளாப்பிகளை மன்னிப்பேன்.

சரி, இத்தனை ஓட்டையோடு ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறாய் என்று போன கடிதத்திலும் கேட்டிருந்தாய். படுத்துக்கொண்டே யோசித்தேன். என் தொழில்தான் காரணம் என்று தோன்றுகிறது.

ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் நான் மாடல் செய்துகொண்டிருந்தது உனக்குத் தெரியும். தெர்மாகோல், அட்டை, சாயம் தோய்த்த பஞ்சு மரம். ஒரு கல்யாண மண்டப மாடலுக்கு இருபது நாள் ராத்திரி பகலாக உட்கார்ந்தேன். எடுத்துப் போகும்போது மாடிப்படியில் கை நழுவிவிட்டது. படால். அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. முதலாளி கத்தியது இருக்கட்டும், எனக்கு வேறொரு வருத்தம். இருபது நாள் வேலை உடையும்போது ஒரு கம்பீரமே இல்லை, தீப்பெட்டி விழுந்த மாதிரி விழுந்தது.

இந்தப் படத்தில் வெடிக்கிற வெள்ளை மாளிகையும் மாடல்தான். பிளாஸ்டரில் செய்தது, பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது நிஜத்தில் ஒரு அடி, மாடலில் ஒரு அங்குலம். அந்த அளவில் ஜன்னல் சட்டத்தைச் செதுக்குவது எப்படி இருக்கும் என்று என் விரலுக்குத் தெரியும். அதை ஒரே தடவைதான் வெடிக்க வைக்க முடியும். ஒன்பது கேமரா வைத்து எடுத்தார்கள். அவை ஓடிய வேகத்தில்தான் சூட்சுமம். அறுபது அடி உயரத்திலிருந்து ஒரு கல் விழக் கிட்டத்தட்ட இரண்டு நொடி ஆகும். மாடலில் அது ஐந்தடி, அரை நொடிக்குச் சற்று மேலேதான் ஆகும். பார்க்கிறவன் கண் உடனே பொம்மை என்று கண்டுபிடித்துவிடும். அதனால் நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய ஃபிலிமை மூன்றரை மடங்காவது வேகமாக ஓட்டி எடுத்து, சாதாரண வேகத்தில் காட்ட வேண்டும். பன்னிரண்டின் வர்க்கமூலம், வேறொன்றுமில்லை. தீக்கு இன்னும் வேகம் வேண்டும், சுடரை மாடல் அளவுக்குச் சின்னதாக்க முடியாதே. என் கல்யாண மண்டபம் விழுந்தபோது பக்கத்தில் அப்படி ஒரு கேமரா இருந்திருந்தால் அதுவும் கம்பீரமாகத்தான் விழுந்திருக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தத் தெரு. நெருப்புச் சுவர் ஒன்று தெரு நெடுகக் கார்களை அள்ளிக்கொண்டு வருமே, அதை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? மாடல் தெருவையே செங்குத்தாக நிமிர்த்திவிட்டார்கள். கேமரா மேலே, வெடி கீழே. நெருப்பு தன் இயல்புப்படி மேலே ஏறுகிறது. நமக்கோ அது தெருவில் நம்மை நோக்கிப் பாய்வதாகத் தெரிகிறது. எவ்வளவு எளிய தந்திரம்! இதைப் படித்த அன்று நான் ஒரு தெர்மாகோல் தெருவை மேஜையில் நிமிர்த்தி வைத்துக் கீழே ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். புகை அழகாகத் தெருவில் நடந்து வந்தது. அந்த வருஷம் சிறந்த காட்சி விளைவுக்கான ஆஸ்கரை இந்தப் படத்துக்குக் கொடுத்தார்கள். எனக்கே கொடுத்த மாதிரி இருந்தது.

2016இல் இதே இயக்குநர் ரோலண்ட் எமெரிக் இரண்டாம் பாகம் எடுத்தாரே, முதல் நாளே போனேன். எல்லாம் பத்து மடங்கு பெரிசு, கப்பல் ஒரு கண்டத்து அகலம். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்த தூசு. வில் ஸ்மித்தும் இல்லை. பாதியில் பாப்கார்ன் வாங்கப் போனவன் அவசரமில்லாமல் திரும்பி வந்தேன்.

இதுவரை சொன்னது பெருமை. வெட்கப்படுகிற இடம் வேறு. நீ ஃப்ளாப்பியிலேயே நின்றுவிட்டாய், அதனால் அதைப் பற்றி நாம் பேசியதில்லை.

சுரங்கப்பாதைக் காட்சியை நினைத்துக்கொள். லாஸ் ஏஞ்சலஸ் எரிகிறது. பாதைக்குள் காருக்குப் பின்னால் கார், அத்தனையிலும் ஆட்கள். பின்னாலிருந்து நெருப்பு வருகிறது. வில் ஸ்மித்தின் காதலியாக வரும் அந்த அம்மாள் மகனை இழுத்துக்கொண்டு பக்கத்துக் கதவை உதைத்துத் திறந்து ஒதுங்குகிறாள். நாய் இன்னும் வெளியே. அவள் கூப்பிட, கார்களின் மேல் தாவி ஓடி வந்து கடைசி நொடியில் உள்ளே குதிக்கிறது. தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரி விசில். நான்தான் முதலில் அடித்தேன். அந்தக் கார்களில் இருந்தவர்கள்? ஒரு முகம்கூட ஞாபகம் இல்லை. இந்தத் தடவை கண்ணை மூடிக் கேட்டபோது அவர்கள் இருப்பது தெரிந்தது. நாய் குரைப்பதற்கு முன்னால் நிறைய அலறல் இருக்கிறது, சேகர். படம் ஓடும்போது அது காதில் விழுவதில்லை.

நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்த 2001 செப்டம்பருக்கு அப்புறம் ஏழெட்டு வருஷம் இந்தப் படத்தை நான் தொடவில்லை. தெருவில் புழுதிச் சுவர் உருண்டு வருவதையும் ஜனங்கள் ஓடுவதையும் செய்தியில் பார்த்த பிறகு, ஊதுபத்தி விளையாட்டெல்லாம் நினைத்தாலே கூச்சமாக இருந்தது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் போட்டார்கள், உட்கார்ந்துவிட்டேன். எப்போது கூச்சம் விட்டுப்போனது என்று தெரியவில்லை.

இன்னொன்று. ஜனாதிபதி ஒலிபெருக்கியைப் பிடித்து விமானிகளுக்கு முன்னால் பேசுவாரே, மயிர் சிலிர்க்குமே, அந்தக் காட்சியை யூட்டா மாநிலத்தில் ஒரு பழைய விமானக் கொட்டகை முன்னால் எடுத்தார்கள். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானம் முன்பு நின்றிருந்த கொட்டகை. எடுத்த நாள் 1995 ஆகஸ்ட் 6. குண்டு விழுந்து சரியாக ஐம்பது வருஷம். இனி உலகம் முழுவதும் ஒரே ஜாதி என்று அந்த இடத்தில், அந்தத் தேதியில் நின்று பேசுகிறார்! வேண்டுமென்றே செய்திருப்பார்களா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். படத்தில் அதற்கான ஜாடை எதுவும் இல்லை. இது தெரிந்த பிறகும், பேச்சு உச்சத்துக்குப் போகிற இடத்தில் டேவிட் ஆர்னால்டின் இசை ஏற ஏற எனக்கும் தொண்டை அடைக்கிறது. செவ்வாய்க்கிழமையும் அடைத்தது. கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரோ என்று பயந்து தலையணையை நனைக்காமல் படுத்திருந்தேன்.

எதிரிக்குப் பேச்சு வார்த்தை கிடையாது, மனசு கிடையாது, குழந்தை குட்டி காட்ட மாட்டார்கள். சந்தேகமே இல்லாமல் ஒருத்தனை வெறுக்க நமக்கு எங்கே கிடைக்கிறது? அடுக்குமாடி சங்கத்தில் பார்க்கிங் சண்டை போடுகிறவரைக்கூட என்னால் முழுசாக வெறுக்க முடியவில்லை, அவர் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. இந்தப் படத்தில் இரண்டு மணி நேரம் அந்தக் கஷ்டம் இல்லை.

வீட்டு விஷயம்: பையனுக்குச் சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பெண் பார்க்கச் சொன்னால் நழுவுகிறான். உன் அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல். உன் மகள் பரீட்சை முடிந்ததும் எல்லோருமாக வருகிறோம் என்று எழுதியிருந்தாய், பேச்சு மாறாதே. டாக்டர் அடுத்த வாரம் ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார், அதற்கு அப்புறம் எந்த நாளும் சரி.

வரும்போது உன்னிடம் பழைய டிவிடி பிளேயர் கிடந்தால் எடுத்து வா. எங்களுடையது போய்விட்டது. படத்தின் டிஸ்க் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, இந்த முறை கண்ணைத் திறந்து பார்ப்போம். என் டிஸ்க் உன் மெஷினில் ஓடுமா என்று மட்டும் இப்போதே ஆரம்பிக்காதே.

அன்புடன்,
முரளி