வெர்ஜெஸ் கேட்டது தனிநாடு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸின் ஆட்சியிலுள்ள ரெயூனியன் தீவின் கம்யூனிஸ்ட் தலைவர் பால் வெர்ஜெஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவரைத் 'தனிநாடு கேட்டவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அவருடைய எதிரிகள் தேர்தலுக்குத் தேர்தல் கிளப்பிய பூச்சாண்டி அது. 1959 மே மாதம் லெ போர் நகரில் அவர் தொடங்கிய கட்சி கேட்டது தன்னாட்சி: பிரான்ஸோடு இருந்துகொண்டே தீவின் காரியங்களைத் தீவே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

ஏன் கேட்டார்கள் என்பதற்கு 1946-க்குப் போக வேண்டும். ரெயூனியனைக் காலனி நிலையிலிருந்து பிரான்ஸின் ஒரு மாவட்டமாக்கிய அந்த ஆண்டு மார்ச் 19 சட்டத்துக்கு முன்னின்றவர்களில் பாலின் தந்தை ரெமோன் வெர்ஜெஸும் ஒருவர். அவரும் கம்யூனிஸ்ட்தான். மாவட்டமானால் பாரிஸ் தொழிலாளிக்கு உள்ள உரிமை கரும்புத் தோட்டக் கூலிக்கும் வரும் என்பது கணக்கு. வரவில்லை. குறைந்தபட்சக் கூலி பிரான்ஸின் அளவைத் தொட்டது 1996 ஜனவரி 1-இல்தான். முழுதாக 50 ஆண்டு! பிள்ளைகளுக்காக அரசு தரும் குடும்பப் படியிலும் பிடித்தம். பிடித்த பணத்தைப் பள்ளி உணவுக்கூடம் போன்ற பொதுச் செலவுக்குத் திருப்பிவிட்டு, 'மொத்தத்தில் சமம்தானே' என்றது அரசு. ஆளுக்கு ஆள் சமம் வேண்டும் என்று 1987-இல் பால் வெர்ஜெஸும் கட்சித் தோழர் எலி ஒவாரோவும் நாடாளுமன்றப் பதவியையே துறந்தார்கள். தன்னாட்சிக் கோரிக்கையை 1981-க்குப் பிறகு கட்சி ஓரங்கட்டியது. கூலிச் சண்டையை விடவில்லை.

பத்திரிகை வழக்கில் சிறைக்குப் போக மறுத்து 1964 முதல் 1966 வரை 28 மாதம் தலைமறைவாக இருந்ததைக் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. நல்லது. ஆனால் 1971 முதல் 1989 வரை லெ போர் மேயர், 1998 முதல் 2010 வரை மண்டல மன்றத் தலைவர் என்ற நிர்வாகிக்கு ஒரு பத்திகூட இல்லை. மேற்குக் கரையின் 34 கிலோமீட்டர் தமரின் சாலை 2009-இல் அவர் காலத்தில் திறந்தது. அவர் திட்டமிட்ட டிராம்-ரயிலை அடுத்து வந்தவர்கள் கைவிட்டார்கள். தீவு இன்றும் கார் நெரிசலில் திணறுகிறது. புவி வெப்பமாதலைக் கண்காணிக்க பிரான்ஸ் தேசிய அளவில் ஓர் அமைப்பை உருவாக்கியது, செனட்டராக அவர் கொண்டுவந்த 2001 பிப்ரவரி சட்டத்தால்தான்.

நம்மவர் தொடர்பு ஒன்றும் விடுபட்டிருக்கிறது. காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்களை அங்கே 'மலபார்' என்பார்கள். அவர்களில் ஒருவரான, சேந்த் ஆந்த்ரே மேயராக இருந்த ழான்-பால் விரப்பூல்லேதான் வெர்ஜெஸின் முக்கியமான வலதுசாரி எதிராளி. 2003 அரசியல் சட்டத் திருத்தத்தில், பிற கடல்கடந்த மாவட்டங்கள் சில துறைகளில் தாமே விதி வகுக்கலாம், ரெயூனியன் மட்டும் கூடாது என்று 73-ஆம் பிரிவில் ஒரு பத்தியைச் சேர்க்க வைத்தவர் அவர். 2016 நவம்பரில் தன் 91-ஆம் வயதில் செனட்டராகவே காலமான வெர்ஜெஸால் கடைசிவரை அந்தப் பத்தியை நீக்கவைக்க முடியவில்லை.

இப்படிக்கு,
வாசகர், காரைக்கால்