தண்ணீர் புகாது என்று விற்ற லைட்டுக்கு "தண்ணீர் பட்டுவிட்டது" என்று வாரண்டி மறுப்பு: புகார்

அனுப்புநர்:
நாட்டுப்படகு மீனவர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் நிறுவனத்தின் ஹெட்லேம்ப் மூன்றும் பழுதானது, வாரண்டி மறுக்கப்பட்டது, உங்கள் ஊழியர் மரியாதையில்லாமல் பேசியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கம்பெனியின் தலை லைட் மூன்று, ஒன்று ரூ. 2,499 வீதம், உங்கள் சொந்த இணையக் கடையிலேயே வாங்கினேன். மூன்றும் இப்போது உபயோகம் இல்லாமல் கிடக்கின்றன. போனில் பேசிப் பேசி அலுத்துப் போய்தான் எழுத்தில் தருகிறேன். ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுக்கிறார். முதலில் இருந்து எல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில் மெசேஜில் ஒரு புகார் எண் வருகிறது, அதோடு சரி. அடுத்த முறை அந்த எண்ணைச் சொன்னால் "அது க்ளோஸ் ஆயிடுச்சு சார்" என்கிறார்கள். யார் மூடினார்கள், என்ன தீர்வு கொடுத்து மூடினார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எந்த மாடல் என்று நான் விளக்கத் தேவையில்லை. உள்ளேயே பேட்டரி வைத்தது, பக்கவாட்டில் சார்ஜ் ஓட்டை, அதை மூட ஒரு சின்ன ரப்பர். நீங்கள் தயாரித்த பொருள், அந்த ரப்பர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. வாங்கும் முன்பே உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டு, என் தொழில் என்ன என்று சொல்லித்தான் கேட்டேன். நண்டு வலைத் தொழில். சாயங்காலம் வலை பாய்ச்சி, விடியுமுன் இருட்டில் இழுப்போம். இரண்டு கையும் வலையில் இருக்கும், அதனால் லைட் தலையில்தான் இருக்க வேண்டும். தூரத்துக்கு ஊசி மாதிரிப் பாய்கிற வெளிச்சம் வேண்டாம், கை எட்டும் தூரத்தில் பரந்து விழ வேண்டும்; வெளிச்ச அளவில் 150 லூமன் இருந்தாலே போதும். அலை முகத்தில் அடிக்கும், சில சமயம் லைட் படகுக்குள் நிற்கிற தண்ணீரிலேயே விழும், அதைத் தாங்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் கடலில் வைத்தே வேறொன்று மாற்றுகிற மாதிரி இருந்தால் நல்லது. இவ்வளவும் சொன்னேன். அன்று பேசிய அம்மா பொறுமையாகக் கேட்டார், அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. "பேட்டரி மாற்றுகிற மாடல் வேண்டாம், மூடி வழியாகத் தண்ணீர் போகும். உள்ளேயே பேட்டரி உள்ள இதுதான் கடலுக்குச் சரி, ஐபிஎக்ஸ்7" என்று சொல்லி இந்த மாடலை எடுக்கச் சொன்னவர் அவர்தான். உங்கள் அழைப்புகள் பதிவாகின்றன என்று நீங்களே முதலில் சொல்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

ஐபிஎக்ஸ்7 என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், அவ்வளவுதான். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பொருள் கெடும் அளவுக்கு உள்ளே தண்ணீர் போகக் கூடாது. அந்த எண்ணை நம்பித்தான் 4 போட்ட, விலை குறைந்த லைட்டை விட்டுவிட்டு உங்களுடையதை எடுத்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதல் லைட்டின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்தது. இரண்டாவதில் சார்ஜ் ஓட்டையின் உள்ளே பச்சையாகக் களிம்பு ஏறி சார்ஜ் ஏற மறுத்தது. மூன்றாவது, பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும் எரிகிறது. ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, ஓட்டை நன்றாகக் காய்ந்த பிறகுதான் சார்ஜ் போட்டோம். பெட்டிக்குள் இருந்த தாளில் என்ன எழுதியிருந்ததோ அதைவிட அதிகமாகவே பார்த்துக்கொண்டோம்.

இதற்கு உங்கள் ஆள் சொன்ன பதிலை எழுதுகிறேன். எழுதும்போதே கை நடுங்குகிறது. "சார், இது ட்ரெக்கிங் போறவங்களுக்கான ப்ராடக்ட். மீன் பிடிக்கிறவங்களுக்கு இல்ல. கடல்ல நனைச்சுட்டு வந்து எங்களக் கேட்டா என்ன செய்யறது? படிச்சுப் பார்த்துத்தான வாங்கணும்?" என்றார். உங்களிடம் கேட்டுத்தான் வாங்கினேன் தம்பி என்றேன். "யார்கிட்ட கேட்டீங்களோ அவங்ககிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மீன் பிடிக்கிறவன் என்றால் படிக்கத் தெரியாதவனா? நான் படித்தேன். உங்கள் பெட்டியிலேயே "மலை, காடு, கடல்" என்று மூன்று படம் போட்டிருக்கிறீர்கள். மூன்றாவது படத்தில் படகில் ஒருவர் இதே லைட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கடலுக்கு இல்லை என்றால் அந்தப் படம் எதற்கு?

அதற்கு முன் வேறொருவர், ஐபி சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, உப்புத் தண்ணீருக்குப் பொருந்தாது என்றார். சோதனை நல்ல தண்ணீரில்தான் நடக்கிறது என்பது உண்மைதான், நானும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அதை நானே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் வைத்தது யார்? கடல் படத்தைப் பெரிதாகப் போடத் தெரிந்த உங்களுக்கு, "உப்புத் தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி போட இடமில்லையா? அப்படி ஒரு வரி இருந்திருந்தால் நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

நடந்த நேரத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்த நாட்களில்தான் நாலு காசு. எங்கள் வலையை விசைப்படகின் இழுவைமடி வலை அறுத்துக்கொண்டு போகாது, நண்டுக்கும் மீனுக்கும் விலை இருக்கும். தென்கடலில் (மன்னார் வளைகுடா) காற்று ஏறிவிட்டால் வடகடலுக்கு (பாக் நீரிணை) வந்து தொழில் செய்வோம். அந்த நாட்களில்தான் உங்கள் லைட்டுகள் காலை வாரிவிட்டன. ஒரு வருஷத்துச் சம்பாத்தியமே போனது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் என் வீட்டில் அப்படித்தான்.

அன்று இரவு வலையைப் பாதி இழுத்திருந்தோம். மச்சான் தலையில் இருந்த லைட் மங்கி, இரண்டு முறை மினுக்கி அணைந்தது. சித்தப்பா மகன் தலையில் இருந்தது ஏற்கெனவே ஆவி பிடித்துப் புகை மூட்டமாகத்தான் எரிந்தது. செல்போன் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நண்டு கழித்தோம். நீலக்கால் நண்டைக் கழிப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வலைக்கண்ணில் கால் எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். கால் ஒடிந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். வலையில் நண்டு மட்டும் வராது, முள் உள்ள கெளிறு மீனும் வரும், திருக்கையும் வரும். இருட்டில் கை வைத்த இடத்தில் கெளிறு முள் மச்சான் உள்ளங்கையில் ஏறிவிட்டது. ரத்தத்தோடு அவனை முன்னால் உட்காரவைத்துவிட்டு மிச்ச வலையைத் தேடினோம். வலையின் தலைப்பில் அடையாளத்துக்குக் கட்டிய தெர்மாகோல் போயா (மிதவை) கண்ணுக்குத் தெரியவில்லை. கச்சான் என்கிற மேல்காற்று படகை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. எங்கள் கடலில் வெளியே போவது என்றால் இலங்கைப் பக்கம் போவது என்று உங்களுக்குத் தெரியும், பேப்பரில் படித்திருப்பீர்கள். மிச்ச வலையை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பினோம். விடிந்த பிறகு போய்த் தேடியும் அது கிடைக்கவில்லை. மச்சான் கை வீங்கி, அவன் தொழிலுக்கு வரவே முடியாமல் போனது. மூன்று குடும்பத்துப் பிழைப்பு அது.

சிவப்பு விளக்கு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் கேட்கவே இல்லை. சிவப்பு வெளிச்சம் ஏன் வைக்கிறீர்கள்? வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்த கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். எஞ்சின் பிடிப்பவன் போயாவைப் பார்க்க வேண்டும், லைட் போடாமல் வருகிற வேறு வள்ளத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தானே சிவப்பு? உங்கள் லைட்டில் சிவப்புக்குப் போக வேண்டும் என்றால் முதலில் முழு வெள்ளை எரிகிறது, அப்புறம் நடு வெள்ளை, அப்புறம் மினுக்கு, அதற்குப் பிறகுதான் சிவப்பு. ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவன் கண் கூசிப் போகிறது. சிவப்புக்குத் தனி பட்டன் வைக்க வேண்டும். கடலில் ஒரு ராத்திரி கட்டிப் பார்த்தவர் யாரும் இதை வடிவமைத்திருக்க மாட்டார்கள்.

பெட்டியில் 1000 லூமன் என்றும் 8 மணி நேரம் என்றும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். படிக்கிறவன் 1000 லூமன் 8 மணி நேரம் எரியும் என்றுதான் நினைப்பான். நீங்கள் பெட்டியில் போட்டிருக்கும் எஃப்எல்1 என்ற டார்ச் லைட் அளவுகோல்படி, வெளிச்சத்தை அளப்பது லைட் போட்ட முதல் இரண்டு நிமிடத்துக்குள். நேரத்தை அளப்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. இதைப் பெட்டியில் தமிழில் வேண்டாம், இங்கிலீஷிலாவது எழுதியிருக்கலாமே?

இப்போது மதுரை. பிக்கப் அனுப்புங்கள் என்று கேட்டேன். "உங்க பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்லை" என்றார்கள். இதே பின்கோடுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கொண்டு வந்து கொடுக்க மட்டும் வசதி இருந்தது. நீங்களே அனுப்புங்கள் என்றார்கள். ராமநாதபுரத்தில் கூரியர் கடைக்காரர், லித்தியம் பேட்டரி உள்ளே இருக்கிறது, கம்பெனி கடிதம் இல்லாமல் எடுக்க மாட்டேன் என்றார். கடிதம் கேட்டேன், அதற்கு இன்றுவரை பதில் இல்லை. பிறகு மதுரையில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது, நேரில் போனால் அன்றே மாற்றித் தருவார்கள் என்று உங்கள் ஆளே முகவரியை மெசேஜில் அனுப்பினார். தொழிலை விட்டுவிட்டு, பாம்பனில் இருந்து 150 கிலோமீட்டருக்கு மேல், வெயிலில் பஸ்ஸில் உட்கார்ந்து, மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோ பிடித்து அந்த முகவரிக்குப் போனால் அது செல்போன் பழுது பார்க்கும் கடை. "உங்க கம்பெனி ஹெட்லைட் எங்க லிஸ்ட்லயே கிடையாதுண்ணே, இதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு பேர் வந்தாங்க" என்றார் அந்தப் பையன். அவருக்கு என் நிலைமை புரிந்தது, தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அங்கேயே நின்று உங்களுக்குப் போன் போட்டேன். எடுத்தவர், மேலே நான் எழுதினேனே, அதே ஆள்தான். "மதுரைக்குப் போகச் சொன்னது யாரு?" என்று என்னையே கேட்டார். உங்கள் மெசேஜைப் படித்துக் காட்டினேன். அதன் பிறகுதான் "தண்ணீர் பட்டிருக்கு, வாரண்டி கிடையாது" என்று முடித்தார். தண்ணீர் புகாத லைட்டுக்குள் தண்ணீர் புகுந்ததுதான் பழுதே. அதையே காரணம் காட்டி வாரண்டி இல்லை என்றால், அந்த வாரண்டி வேறு எதற்கு?

ஐயா, உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பம் இல்லை. நல்ல பொருள் தந்தால் இந்தக் கரையில் நானே பத்துப் பேரை வாங்கச் சொல்வேன். தங்கச்சிமடத்தில் இருந்து மண்டபம் வரை இரவுத் தொழிலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் தலை லைட் தேவை. ஆனால் நான் சும்மா விட்டுவிடுவேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. இணையத்தில் விற்கும் கம்பெனியின் குறைதீர் அதிகாரி புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020 விதி இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் விதிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் என் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது ஆணையம்தான்.

மூன்று லைட்டின் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். அதே மாடலை மாற்றித் தருவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம், அது மறுபடியும் இதே கதைதான். கடலில் போன வலைக்கும், மச்சானின் வைத்தியச் செலவுக்கும், அவன் இழந்த கூலிக்கும், மதுரைப் பயணத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு. அதற்கான கணக்கைத் தனியாக எழுதி இணைத்திருக்கிறேன். பெட்டியில் இருக்கும் கடல் படத்தை எடுங்கள், இல்லை என்றால் கடலுக்குத் தாங்குகிற மாதிரி அந்த ஓட்டையைச் செய்யுங்கள். என்னிடம் அப்படிப் பேசியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுத்தில். இனி என் புகாரை அவர் கையாளக் கூடாது.

ரசீது, பெட்டியின் எல்லாப் பக்கப் படங்கள், களிம்பு ஏறிய ஓட்டையின் படம், மதுரை முகவரி வந்த மெசேஜ் எல்லாம் இதோடு இருக்கின்றன. லைட்டுகளை இனி நான் எங்கும் தூக்கிக்கொண்டு வர மாட்டேன், உங்கள் ஆள் பாம்பனுக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசியே ஆக வேண்டும் என்றால் மதியம் 3 மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன் தூங்கிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு உரிமையாளர்,
பாம்பன்.