பிங்க் தூண்டிலைச் சிக்கலாக்கியது நான்தான்

தம்பி,

அமெரிக்காவில் உன் வீட்டிலிருந்து ஊர் வந்து பத்து நாள் ஆகிறது, இன்னும் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்புத் தட்டிவிடுகிறது. போனில் பேசலாம் என்றால் ஒன்று நீ அவசரத்தில் இருக்கிறாய், இல்லை இங்கே உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். அதனால் எழுதுகிறேன். நானே தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். ஹாக்கிங் ஹில்ஸ் கேபினில் மூன்றாம் நாள் காலையில் சின்னவளின் பிங்க் தூண்டிலில் நைலான் நரம்பெல்லாம் குருவிக்கூடு மாதிரி சுற்றிக் கிடந்தது என்று அவளைத் திட்டினாயே, அவளும் "நான் தொடவே இல்லை" என்று அழுதாளே, அவள் சொன்னது நிஜம். தொட்டது நான். அப்போதே சொல்லியிருக்கவேண்டும், வாய் வரவில்லை. மாமியார் ஆன பிறகு திருட்டுத்தனமாக மீன் பிடித்தேன் என்று மருமகள் முன்னால் எப்படிச் சொல்வது, நீயே சொல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதே. கொலம்பஸிலிருந்து கிளம்பும்போது காரில் நாலு தூண்டில் இருந்தது. உனக்கு, மருமகளுக்கு, பிள்ளைகள் இரண்டு பேருக்கு. அப்பாவுக்கு மடக்கு நாற்காலி. எனக்கு என்ன இருந்தது தெரியுமா? இட்லி மாவு. அந்த மாவுக்குப் பக்கத்திலேயே நீ கடையில் வாங்கிய புழு டப்பாவையும் ஃப்ரிட்ஜில் வைத்தாய், அதற்குக்கூட நான் வாய் திறக்கவில்லை.

அம்மாவுக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்று உனக்கு எப்படித் தெரியும், நான் எப்போது சொன்னேன்? எங்கள் ஊர்க் கண்மாயில் பெரிய மாமாவும் நானும் மூங்கில் குச்சியில் தங்கூசி கட்டி, நெட்டியைத் தக்கையாகச் செருகி, கெண்டையும் கெளுத்தியுமாகப் பிடிப்போம். கோடையில் தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா வரும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார், அவ்வளவுதான், ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஊரே உள்ளே இறங்கும், பாவாடையை ஏந்திக்கொண்டு நானும் இறங்குவேன். அன்றைக்கு எந்த வீட்டு வாசலில் நின்றாலும் குழம்பு வாசம்தான். பதின்மூன்று வயதில் பெரியமனுஷி ஆனேன், கண்மாய்ப் பக்கமே போகக்கூடாது என்றுவிட்டார்கள். இப்போது எனக்கு அறுபத்து நாலு. கணக்கு நீயே போட்டுக்கொள்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். ஐந்தரைக்கே வெளிச்சம் வந்துவிட்டது, குளத்து மேல் புகை மாதிரி பனி. நீங்கள் எல்லோரும் தூங்கினீர்கள். பிங்க் தூண்டில்தான் கைக்கு அடக்கமாக இருந்தது. நீ சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை உப்புமா கிண்டிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன்: கட்டைவிரலால் பொத்தானை அமுக்கிப் பிடி, வீசும்போது விடு. இரண்டு தடவை பின்னால் இருந்த புல்லில் விழுந்தது, மூன்றாவது தடவை தண்ணீருக்குப் போனது. நீங்கள் முழுப் புழுவையும் கோக்கிறீர்கள், அது தப்பு. அந்த ப்ளூகில் மீனுக்கு வாய் சின்னது, ஓரத்திலிருந்து கொறித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். நகத்தால் கிள்ளி முள் மறையும் அளவு மட்டும் வைத்தேன். சிவப்பு வெள்ளைத் தக்கை நின்ற இடத்தில் இரண்டு தடவை துடித்தது, அப்புறம் சரேலென்று உள்ளே போனது. ஐயோ தம்பி, கையில் அந்தச் சுண்டி இழுப்பு தட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தனியாக நின்று சிரித்தேன்.

ஜிலேபிக் கெண்டை மாதிரி தட்டையாக, கைக்குள் அடங்குகிற மீன். செவுள் ஓரத்தில் கறுப்பாக ஒரு மடல், அதற்குக் கீழே நீலம். நம் பக்கத்து ஜிலேபியும் 1952-ல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. வரிசையாக நாலு. மணல் விளையாடும் வாளியில் போட்டேன். குழம்புப் பொடி பையில் இருந்தது, புளி இருந்தது, இனி என்ன. தனியார் குளம், லைசென்ஸ் வேண்டாம், ஆனால் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடவேண்டும் என்று வீட்டுக்காரர் ஒட்டிவைத்ததை நீ முதல் நாளே படித்துச் சொன்னாய், எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

அப்போதுதான் கரையோரம் கவனித்தேன். தண்ணீருக்கு அடியில் கோலம் போடப் பெருக்கிவைத்த மாதிரி வட்டம் வட்டமாக மணல், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மீன் நகராமல் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு வட்டம் மட்டும் காலி. அங்கிருந்ததைத்தான் கடைசியாகப் பிடித்து வாளியில் போட்டிருந்தேன். சின்ன மீன்கள் கூட்டமாக வந்து அந்தக் காலி மணலைக் கொத்திக்கொண்டிருந்தன. முட்டை. நம் விராலும் அப்படித்தான், சிவப்புக் குஞ்சுகளுக்குக் கீழேயே காவல் சுற்றும், மாமா குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்துத்தான் தூண்டில் போடுவார். அப்போதெல்லாம் நான் கைதட்டியிருக்கிறேன்.

நீ பெரியவனிடம் சொன்னது போலக் கையை நனைத்துக்கொண்டு, முதுகு முள்ளைத் தலைப்பக்கமிருந்து நீவி மடக்கி, அதைத் தண்ணீரில் விட்டேன். நேராக வட்டத்துக்குப் போய், வந்ததையெல்லாம் விரட்டியது. மற்ற மூன்றையும் விட்டேன். ப்ளூகில்லில் காவல் நிற்பது ஆண் மீன்தான் என்று இங்கே வந்து படித்தேன், உன் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன், அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

அத்தோடு வந்திருக்கலாம். ஆசை, இன்னும் ஒரு தடவை வீசினேன். பெரிய பாஸ் மீன் ஒன்று, பச்சை முதுகு, பக்கவாட்டில் கறுப்புக் கோடு, என் நாலு விரலும் உள்ளே போகும் வாய். மரமேடைக்கு அடியில் ஓடித் தூணைச் சுற்றிவிட்டான். நான் இழுக்க, பொத்தானை எதற்கோ அமுக்க, நரம்பு கொத்துக் கொத்தாக வெளியே வந்தது. ஒரு தடவை முகத்தைக் காட்டினான், போய்விட்டான். நீ பிடித்ததெல்லாம் அவனுக்குக் கால்வாசிகூட இல்லை. தூண்டிலை இருந்த இடத்திலேயே சாத்திவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்னி அரைக்கப் போனேன்.

சின்னவளிடம் நீ எதுவும் சொல்லாதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது நானே சொல்கிறேன். அந்த நரம்பை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றிக்கொடு. அடுத்த வருஷம் போவதாக இருந்தால் ஐந்து தூண்டில், நினைவு வை.

ஃப்ரீசரில் இரண்டாவது தட்டில் மீன் குழம்புக்கு அரைத்தது இருக்கிறது, தேதி ஒட்டியிருக்கிறேன், கடையில் மீன் வாங்கிச் செய்யச் சொல்.

அம்மா