தொப்பையைக் கரைக்கும் முன்...

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 மே மாதம் பெங்களூருவில் கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சைக்குப் போன 21 வயது கன்னட நடிகை உயிரோடு வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகும் ‘ஒரே நாளில் தொப்பை காலி’ விளம்பரங்கள் ஓயவில்லை என்பதுதான் வேதனை.

லைபோசக்‌ஷன் எனப்படும் இந்தக் கொழுப்பு நீக்க அறுவை உடல் எடையைக் குறைக்கும் வைத்தியமே அல்ல. தோலுக்கடியில் ஓரிடத்தில் தங்கிவிட்ட கொழுப்பை மட்டுமே அது எடுக்கும். குடலைச் சுற்றியுள்ள கொழுப்பைத் தொடாது. மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னும் ரத்தக்கசிவைக் குறைக்கும் அட்ரினலினும் கலந்த உப்புநீரை உள்ளே செலுத்தி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சுவார்கள். லிடோகெய்ன் அளவு மீறினால் இதயத்துடிப்பு தடுமாறும். கொழுப்புத் துணுக்கோ ரத்தக்கட்டியோ நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால், அன்றிரவு மருத்துவமனைக் கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: மருத்துவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.ஆர்.என்.பி. (முன்பு டி.என்.பி.) என்ற உயர்சிறப்புப் பட்டம் முடித்தவரா? மயக்கவியல் நிபுணர் கடைசிவரை உடனிருப்பாரா? அவசரத்துக்கு ஐ.சி.யூ. உண்டா? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். நீங்களும் புகைப்பழக்கம், கருத்தடை மாத்திரை, ஆஸ்பிரின் எதையும் மறைக்காதீர்கள்.

அழகு நிலையம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் அறுவை அரங்கு நடத்துவோரைச் சுகாதாரத் துறை முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும்.

– ஒரு வாசகி, குரோம்பேட்டை