கையடக்க ஜி.பி.எஸ். பதிவுகளில் திருத்தத்தின் அடையாளம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிணறுகள், பழமையான மரங்கள், கல்வெட்டுகள், மலைப்பாதைகள், நில எல்லைகள் ஆகியவற்றின் இருப்பிடத்தைக் கையடக்க ஜி.பி.எஸ். கருவியால் குறித்துவைக்கும் பணியில் இன்று ஆய்வாளர்களோடு மாணவர்களும் தன்னார்வலர்களும் ஈடுபடுகிறார்கள். அவர்கள் குறித்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்களோடு அறிக்கைகளில் அச்சாகின்றன. ஆறாவது இலக்கம் தரையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டரைக் குறிக்கும். திறந்த வானத்தின் கீழ் நின்றாலும் சாதாரணக் கருவியின் பிழையோ பல மீட்டர். இந்த இடைவெளியைக் கணிசமாகக் குறைக்கக்கூடிய திருத்தச் சமிக்ஞைகள் கட்டணமின்றி வானிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. குறிப்பிட்ட ஓர் அளவீட்டில் அவை பயன்பட்டனவா என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, எழுதிவைப்பதும் இல்லை. அது மாற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஜி.பி.எஸ். கருவி தொலைவை நேரத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் சமிக்ஞை வந்துசேரும் நேரத்தில் ஒரு நானோ வினாடி பிசகினால், தொலைவில் 30 சென்டிமீட்டர் பிசகும். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நிறுத்தப்பட்ட பிறகு, எஞ்சிய பிழைகளில் பெரும்பங்கு வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தால் விளைவது. சூரியக் கதிர்வீச்சால் அணுக்களிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் அங்கே சமிக்ஞையைத் தாமதப்படுத்துகின்றன. இந்தத் தாமதம் பின்னிரவில் குறைந்து பிற்பகலில் உச்சத்தை எட்டும். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியோடு ஏறி இறங்கும். சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில், வெப்ப மண்டலப் பகுதிகளில் அதனால் ஏற்படும் தொலைவுப் பிழை 10 மீட்டரையும் தாண்டும். இதைச் சரிசெய்ய ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களே தாமதத்தைத் தோராயமாகக் கணிக்கும், எட்டுக் குணகங்கள் (எண்கள்) கொண்ட ஓர் எளிய மாதிரியை அனுப்புகின்றன; அது பிழையில் ஏறக்குறையப் பாதியைத்தான் நீக்கும்.

மீதியைக் களைவதற்காக எழுந்தவையே செயற்கைக்கோள் வழித் திருத்த அமைப்புகள். மிக நுட்பமாக அளந்து அறியப்பட்ட இடங்களில் நிறுவப்பட்ட தரை நிலையங்கள் ஜி.பி.எஸ். சமிக்ஞைகளை இடைவிடாமல் வாங்குகின்றன. தம் இருப்பிடம் உறுதியாகத் தெரிந்திருப்பதால், ஒவ்வொரு செயற்கைக்கோளின் கடிகாரமும் சுற்றுப்பாதைத் தகவலும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதையும், அயனி மண்டலம் எங்கே எவ்வளவு தாமதத்தை உண்டாக்குகிறது என்பதையும் அவற்றின் அளவீடுகளிலிருந்து கணிக்க முடிகிறது. மைய நிலையம் இவற்றைத் தொகுத்து, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் புவியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோளுக்கு ஏற்றுகிறது. அந்தச் செயற்கைக்கோள், ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், வினாடிக்கு 250 பிட் வேகத்தில் திருத்தங்களை ஒலிபரப்புகிறது. அலைவரிசை ஒன்றாகவே இருப்பதால் தனி ஆன்டெனாவோ தனி ரேடியோவோ தேவையில்லை. கையடக்கக் கருவிக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய திருத்த அமைப்புகளில் அமெரிக்காவின் வாஸ் 2003 முதலும், ஜப்பானின் எம்சாஸ் 2007 முதலும், ஐரோப்பாவின் எக்னாஸ் பொதுச் சேவை 2009 முதலும் இயங்குகின்றன. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து உருவாக்கிய ககன் இந்தியப் பரப்புக்கு உரியது. இவை யாவும் விமானங்களை மனத்தில் கொண்டு கட்டப்பட்டவை. ஆகவே பிழையைத் திருத்துவதோடு நில்லாமல், ஒரு செயற்கைக்கோள் நம்பத்தகாததாக மாறினால் சில வினாடிகளுக்குள் எச்சரிக்கவும் செய்கின்றன. திருத்தம் கிடைத்தால் கையடக்கக் கருவியின் கிடைமட்டப் பிழை நல்ல சூழலில் 3 மீட்டருக்குள் அடங்கும். உயரக் கணக்கு இன்னும் தெளிவாக மேம்படும்; செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருக்க, அயனி மண்டலப் பிழை உயரத்தைத்தான் மிகுதியாகக் கெடுக்கிறது.

இவ்வளவு பயனுள்ள வசதி பல கருவிகளில் அமைப்புப் பட்டியலின் உள்ளடுக்கில் புதைந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. சிலவற்றில் பயனர் தேடிச்சென்று இயக்கினாலன்றி அது வேலை செய்யாது. வேறு சிலவற்றில் மின்கலச் சேமிப்பு முறைக்கு மாறியதும் திருத்தம் தானாக நின்றுவிடும், திரையில் அறிவிப்பு எதுவும் வராது. இயக்கியவர்களும் முதல் நிமிடத்திலேயே பயனை எதிர்பார்க்கக் கூடாது. அயனி மண்டலத் தாமதங்கள், வரைபடத்தைச் சதுரங்களாகப் பிரித்த ஒரு கட்டத்தின் புள்ளிகளுக்கு உரிய எண்களாக வருகின்றன; அவை முழுவதும் மெதுவான அந்த ஒலிபரப்பில் வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். பல கருவிகளின் செயற்கைக்கோள் பக்கத்தில் 33 முதல் 64 வரையுள்ள எண்ணுடன் தோன்றுவது திருத்தம் அனுப்பும் செயற்கைக்கோள். ககன் செயற்கைக்கோள்களுக்கு உரிய 127, 128 ஆகிய எண்கள் அங்கே 40, 41 என்று தெரியும். ஏனைய செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வலிமையைக் காட்டும் பட்டைகளில் சில கருவிகள் 'டி' என்ற ஆங்கில எழுத்தைக் காட்டும். அதன் பிறகு குறிக்கும் இடமே திருத்தம் பெற்ற இடம்.

இதன் எல்லைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவரிலும் பாறையிலும் பட்டுத் திரும்பிவரும் சமிக்ஞையால் விளையும் பிழை அந்த இடத்துக்கே உரியது. தொலைவில் உள்ள தரை நிலையத்துக்கு அது தெரியாது, ஆகவே எந்த ஒலிபரப்பும் அதைத் திருத்தாது. அடர்ந்த மரங்களின் கீழும் பள்ளத்தாக்கிலும் திருத்தம் அனுப்பும் அந்த ஒற்றைச் செயற்கைக்கோள் மறைந்துபோனால், பெற்ற திருத்தங்கள் சிறிது நேரத்தில் காலாவதியாகிவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்ல அது அடிவானை நோக்கித் தாழும் என்பதால் மறைவது எளிது. சமிக்ஞை எட்டும் இடமெல்லாம் திருத்தம் பொருந்தும் என்றும் கொள்ளக் கூடாது: ஒலிபரப்பு புவியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்கும், திருத்தமோ தரை நிலையங்கள் பரவிய பரப்புக்கும் அதன் அருகிலும் மட்டுமே செல்லும். வெப்ப மண்டலத்தில் இன்னொரு தடையும் உண்டு. அங்கே எலெக்ட்ரான் அடர்த்தி குறுகிய தொலைவுக்குள் வெகுவாக மாறுவதால், 5 பாகை இடைவெளியுள்ள கட்டத்தால் அதை முழுமையாகப் பிடிக்க முடிவதில்லை. அட்சரேகை, தீர்க்கரேகைகளை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் புவி மாதிரிக்கு ஆதாரம் என்று பெயர்; கருவி டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற ஆதாரத்திலும் வரைபடம் வேறோர் ஆதாரத்திலும் இருந்தால் நூற்றுக்கணக்கான மீட்டர் விலகல்கூட நேரலாம். அதற்குத் திருத்தச் சமிக்ஞையைக் குறைகூறுவது நியாயமாகாது.

2018 முதல் சந்தைக்கு வந்த சில கைப்பேசிகள் 1176.45 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டாவது அலைவரிசையையும் வாங்குகின்றன. இரு அலைவரிசைகளின் தாமதமும் வேறுபடுவதால், அவற்றை ஒப்பிட்டே அயனி மண்டலப் பிழையைக் கணக்கிட்டு நீக்கலாம் என்பது உண்மை. ஐரோப்பாவின் செயற்கைக்கோள் இடநிர்ணய அமைப்பான கலிலியோ 2023 ஜனவரி முதல் கட்டணமின்றி வழங்கும் உயர்துல்லியச் சேவை, உரிய கருவிகளில் 20 சென்டிமீட்டர் அளவிலான துல்லியத்தை இலக்காகக் கொண்டது; அது வேறோர் அலைவரிசையில் வருவதால் சாதாரணக் கருவிகளுக்கு எட்டாது. இவையெல்லாம் வந்துவிட்டதால் பழைய முறை தேவையற்றது என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒற்றை அலைவரிசைக் கருவிகள் இன்னும் ஏராளமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு எடுக்கப்பட்ட பதிவுகளும் நெடுங்காலம் பயன்படப்போகின்றன.

என் கோரிக்கை எளியது. கருவிகள் தம்முள் பரிமாறிக்கொள்ளும் என்.எம்.ஈ.ஏ. வடிவில் சாதாரண இடநிர்ணயத்துக்கு 1 என்றும் திருத்தம் பெற்றதற்கு 2 என்றும் தரக்குறி உண்டு. தடங்களைச் சேமிக்கும் ஜி.பி.எக்ஸ். வடிவிலும் இதற்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கருவி தயாரிப்போரும் செயலி எழுதுவோரும் அந்தக் குறியை வீசியெறியாமல் ஒவ்வொரு புள்ளியோடும் சேமிக்க வேண்டும். எந்தத் திருத்த அமைப்பின் சமிக்ஞையைக் கருவி பெறும், விற்கும்போது அது இயக்கத்தில் இருக்குமா என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். களப்பணிக்கு மாணவர்களை அனுப்பும் ஆசிரியர்கள் படிவத்தில் இதற்கென ஒரு கட்டத்தைச் சேர்க்கலாம். இருப்பிட எண்களோடு வரும் செய்திகளை வெளியிடும்போது, அவை திருத்தம் பெற்ற அளவீடா என்பதைத் தங்கள் நாளிதழும் கேட்டறிந்து ஒரு வரியில் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்