உன் வளவுக்குள்ளால் போகிறவர்கள்

மச்சான்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கலியாணம் சரிவந்தது பெரிய சந்தோஷம், திகதியைச் சொல்லு. இங்கே காலபோகத்துக்கு உழுதுபோட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஒட்டுசுட்டான் காணிக்குள்ளால் ஆட்கள் போய்வருகிறார்களாம், பொலிசில் கொடுத்து உள்ளே போடலாமா என்று கேட்டிருந்தாய். ஏலாது. தண்டனைச் சட்டக் கோவையின் 427ஆம் பிரிவின்படி, குற்றம் செய்யவோ, காணியை ஆளுகிறவரை வெருட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு செய்யவோ என்ற நோக்கத்தோடு நுழைந்தால்தான் அது குற்றம். படலையும் இல்லாத, ஆளும் இல்லாத வளவுக்குள்ளால் மாடு சாய்த்துக்கொண்டு குளத்துக்குப் போகிறவனிடம் நீ எந்த நோக்கத்தைக் காட்டப்போகிறாய்? காட்டினாலும் ஆகக்கூடியது மூன்று மாத மறியல்தான், வீட்டுக்குள் புகுந்தால் ஒரு வருடம் வரை போகும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். போன கிழமை அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், கிழக்குப் பக்கத்தால் உன் காணிக்குள் தள்ளிப் புதுக் கதியால் நட்டு முள்ளுக்கம்பி இழுத்திருக்கிறது. இதை விடாதே. ஆளை எழுப்பி அடைத்தால் இரண்டு மாதத்துக்குள் 66ஆம் பிரிவில் வழக்குப் போடவேண்டும் (1979ஆம் ஆண்டு ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம்), அப்போதுதான் நீதவான் பழையபடி கையில் தரலாம். அவர் பார்ப்பது யார் ஆண்டது என்பதை மட்டும்தான், உறுதி, அதாவது காணிப் பத்திரம், யாருடையது என்பது மாவட்ட நீதிமன்றத்து விஷயம், அது இழுபடும். உறுதிக் காணி என்றால் பத்து வருடம் கேள்வியில்லாமல் ஆண்டு வந்தவன் தனக்கென்று கேட்கலாம். சண்டைக்காலம், அதாவது 1983 மே தொடக்கம் 2009 மே வரை, அந்தக் கணக்கில் சேராது என்று 2016இல் ஒரு சட்டம் வந்தது, ஆனால் அதைப் பிடித்து வழக்குப்போட இரண்டு வருடம்தான் தந்தார்கள். எங்கள் சனத்தில் பாதிக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது!

கேப்பாப்புலவில் 2017இல் சனம் படையினர் பிடித்திருந்த தங்கள் காணியைக் கேட்டு வேலிக்கு வெளியே றோட்டில் இருந்ததை நீயும் பார்த்திருப்பாய். அவர்கள் வெயிலில் கிடந்து கேட்டார்கள், நீ ஒரு கடதாசி அனுப்பவும் பஞ்சிப்படுகிறாய்.

சரி, ஐயாவின் பெயரில் இருந்தது உறுதியா பெர்மிற்றா? பெர்மிற் என்றால் அரச காணி, பத்து வருடக் கதை அங்கே எடுபடாது, ஆனால் குடியிருந்து செய்கை பண்ணவில்லை என்று பெர்மிற்றையே ரத்துச்செய்யலாம். எதுவானாலும் கொப்பியையும் அற்றோணித் தத்துவத்தையும் (உனக்காக நான் நடக்க நீ எழுதித்தரும் அதிகாரப் பத்திரம்) கெதியாய் அனுப்பு. மாட்டுக்காரனோடு நான் கதைக்கிறேன், அவன் நல்ல பொடியன்.