அந்தத் தலைப்பை மாற்றுங்கள்: சென்னைக் கல்லூரித் தமிழ் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைக் கல்லூரிகளின் தமிழ் மன்றப் பொறுப்பாளர்களுக்கும், பேச்சுப் போட்டிகளை நடத்தும் பேராசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

‘நாடு முன்னேற உடனடித் தேவை மக்களாட்சியா, சர்வாதிகாரமா?’ சொற்கள் சற்று மாறினாலும் ஆண்டுதோறும் உங்கள் அழைப்பிதழ்களில் இந்தத் தலைப்பு வந்துவிடுகிறது. நடுவர் இருக்கையில் அமர்ந்து பலமுறை கேட்டிருக்கிறேன். இனியாவது இதை மாற்றுங்கள் என்று கேட்கவே இம்மடல். சர்வாதிகாரத்தைப் பற்றி மாணவர்கள் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிறையப் பேச வேண்டும். ஆனால் ‘வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்டால், பிடிக்காவிட்டால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிற பொருளைப் போல அது ஆகிவிடுகிறது. திருப்பி வாங்க முடியாதபடி கட்டப்படுவதுதான் அந்த ஆட்சி. எப்படிக் கட்டப்படுகிறது என்பதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

அண்மையில் ஒரு போட்டியில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் பேசினார். ஒரு சான்றிதழுக்காகத் தன் அப்பா வேலையை விட்டுவிட்டு அலுவலகப் படிகளில் மீண்டும் மீண்டும் ஏறி இறங்கியதைச் சொன்னபோது அவருடைய குரல் தழுதழுத்தது. அடுத்த மூச்சில், “ஐந்தே ஐந்து ஆண்டுகள் ஒரு ஹிட்லரிடம் கொடுத்துப் பாருங்கள். லஞ்சம் இருக்காது, ரயில் நேரத்துக்கு வரும். பிறகு தேர்தல் வைத்துக்கொள்ளலாம்” என்றார். கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. எதிரணி மாணவி யூதப் படுகொலையைச் சொன்னார். “அது அந்த நாடு, அந்தக் காலம்” என்று அந்த மாணவர் அதை ஒரே வரியில் தள்ளிவிட்டார். அந்த மாணவரின் கோபம் நியாயமானது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்தாண்டு முடிந்ததும் யார் போய் அந்த மனிதரை இறங்கச் சொல்வது என்று மட்டும் யாராவது அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் ஜெர்மனியும் கெடு வைத்துத்தான் கொடுத்தது. 1933 மார்ச் 23 அன்று அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய அதிகாரமளிப்புச் சட்டத்துக்கு ஆயுள் நான்கே ஆண்டுகள். சட்டத்திலேயே அப்படி எழுதியிருந்தது. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அமைச்சரவையே சட்டம் இயற்றலாம், அது அரசியலமைப்பை மீறினாலும் செல்லும் என்பது அதன் சாரம். 1937இல் அதை நீட்டித்தார்கள். 1939இலும் நீட்டித்தார்கள். 1943இல் நாடாளுமன்றத்தை ஒப்புக்குக்கூடக் கூட்டவில்லை. ஹிட்லரே ஆணையிட்டு நீட்டித்துக்கொண்டார். 1945இல் பெர்லின் இடிந்து விழும்வரை அந்த நான்கு ஆண்டுகள் முடியவேயில்லை.

அதற்கு முந்தைய கதையையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஹிட்லர் துப்பாக்கி முனையில் ஆட்சியைப் பிடித்தார் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1932 நவம்பர் தேர்தலில் அவருடைய கட்சி பெற்றது 33.1 விழுக்காடு வாக்கு. அதே ஆண்டு ஜூலையில் பெற்றதைவிடக் குறைவு. இறங்குமுகத்தில் இருந்தவரைக் கைதூக்கிவிட்டவர்கள், அவரை அடக்கி வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்ட பழைமைவாதத் தலைவர்கள். 1933 ஜனவரி 30 அன்று அதிபர் ஹிண்டன்பர்க் அவரைப் பிரதமராக நியமித்தபோது, அமைச்சரவையில் அவரையும் சேர்த்து நாஜிகள் மூன்று பேர்தான். மற்ற நாற்காலிகள் எல்லாம் நம்மிடம் இருக்கின்றனவே என்று துணைப் பிரதமர் பாப்பன் நிம்மதியாக இருந்தார். அந்த மூவரில் ஒருவரான கோரிங்கின் கையில் பிரஷ்ய மாநிலக் காவல்துறை இருந்ததை அவர் பெரிதாக எண்ணவில்லை.

பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே அவசர ஆணை வந்தது: பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் நிறுத்திவைப்பு. அடுத்த மாதம் அதிகாரமளிப்புச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, உறுப்பினர்கள் கூடியது ஓர் இசை நாடக அரங்கில். உள்ளே சீருடை அணிந்த கட்சிப் படையினர் வரிசைகட்டி நின்றார்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலும் தலைமறைவிலும் இருந்தார்கள். அந்த நிலையிலும் எழுந்து நின்று எதிர்த்துப் பேசினார் சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ். ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்த 94 பேரும் அவருடைய கட்சிக்காரர்கள். மற்ற கட்சிகள், அவற்றில் மனப்பூர்வமாக வெறுத்தவர்கள் உட்பட, ஆதரித்து வாக்களித்துவிட்டன. ஜூலைக்குள் அந்தக் கட்சிகளும் இல்லை.

அதிகாரம் கைக்கு வந்த பிறகு அதைக் காப்பாற்றிக் கொடுப்பவர்கள் யார்? உளவுப் போலீஸ் வீட்டுக்கு வீடு நின்றது என்பது நம் கற்பனை. வூர்ட்ஸ்பர்க் நகரில், கெஸ்டபோ என்ற அந்த உளவுப் போலீஸின் அலுவலகத்தில் 1937இல் இருந்தவர்கள் 28 பேர். அவர்கள் பொறுப்பில் இருந்த மக்கள் 8 லட்சத்துக்கும் மேல். எஞ்சிய வேலையை அண்டை வீட்டார் செய்தார்கள். வாடகைத் தகராறு, பங்காளிச் சண்டை, பதவிப் பொறாமை என்று எதையெல்லாமோ மனத்தில் வைத்துக்கொண்டு புகார் எழுதிப் போட்டார்கள். இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். மேலே ஒருவர் கெட்டவராக இருப்பதோடு அது நிற்பதில்லை. நம் தெருவில் இன்று வெறும் முணுமுணுப்பாக இருக்கும் வன்மத்துக்கு அங்கே அரசு முத்திரை கிடைத்துவிடுகிறது.

சோவியத் ஒன்றியத்தில் வழி வேறு. 1922இல் ஜோசப் ஸ்டாலின் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனபோது, பேச்சாளர்களும் கோட்பாட்டாளர்களும் நிறைந்த அந்தத் தலைமையில் அது ஒரு கோப்பு பார்க்கும் வேலையாகவே கருதப்பட்டது. யாரை எந்த ஊருக்கு நியமிப்பது என்பது அந்தக் கோப்புகளில்தான் இருந்தது. அவரை அப்பதவியிலிருந்து நீக்கும்படி நோய்ப் படுக்கையிலிருந்து லெனின் எழுதிவைத்தார், கேட்பார் இல்லை. 1937 ஜூலையில் மாகாணவாரியாக இத்தனை பேரைச் சுட வேண்டும், இத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று இலக்கு எண்கள் போயின. கீழேயிருந்த அதிகாரிகள் எங்கள் எண்ணிக்கையை உயர்த்திக் கொடுங்கள் என்று கேட்டு எழுதினார்கள். அவர்களிலும் பலர் பின்னர் சுடப்பட்டார்கள். அந்த இயந்திரத்தை நடத்திய உள்துறைத் தலைவர் யெஷோவும் 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சர்வாதிகாரத்தில் வேலை நடக்கும் என்று சொல்லும் மாணவர்களுக்கு 1937 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துச் சொல்லுங்கள். எண்ணிப் பார்த்தபோது சுமார் 16 கோடியே 20 லட்சம் பேர்தான் இருந்தார்கள். தலைமை எதிர்பார்த்ததைவிட அது மிகக் குறைவு. இடையில் 1932-33 பஞ்சம் லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோயிருந்தது. கணக்கெடுப்பு செல்லாது என்று அறிவித்தார்கள். எண்ணிய அதிகாரிகளைக் கைது செய்தார்கள். உள்ளபடி எண்ணினால் தலை போகும் என்ற நாட்டில் ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, கிடங்கில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று எந்த அதிகாரி உண்மையை எழுதுவார்?

பேராசிரியர்களாகிய உங்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1931இல் முசோலினியின் இத்தாலி, பல்கலைக்கழக ஆசிரியர்கள் அனைவரும் பாசிச ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றது. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அவர்கள் வேலை இழந்தார்கள். எடுத்தவர்களை நான் இழிவாகப் பேச மாட்டேன். பிள்ளை குட்டிகளோடு ஊதியத்தை நம்பி இருந்தவர்கள். ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு மறுநாள் வகுப்பில் என்ன பாடம் நடத்தியிருக்க முடியும் என்று உங்களால்தான் உணர முடியும்.

‘அந்த நாடு, அந்தக் காலம்’ என்பவர்களுக்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. 1975 ஜூன் 25 இரவு அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையை ஹிட்லர் ஆட்சியோடு ஒப்பிட மாட்டேன். அது 1977 மார்ச்சில் தேர்தலோடு முடிந்தது. ஆனால் அதுவும் அரசியலமைப்பின் 352ஆம் பிரிவைக் கொண்டே, முறைப்படி குடியரசுத் தலைவரின் கையெழுத்தோடு வந்தது. அப்போதும் ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன என்று மெச்சியவர்கள் உண்டு. 1976 ஜனவரி 31 அன்று தமிழக அரசு கலைக்கப்பட்டது. பிப்ரவரியில், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த மத்திய சிறைக்குள், விசாரணையின்றி அடைத்துவைக்க இடம் தந்த மிசா சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்ட கைதிகள் இரவில் அடித்து நொறுக்கப்பட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினரும் சென்னையின் முன்னாள் மேயருமான சிட்டிபாபு அந்தச் சிறையில் அடிபட்டவர். 1977 ஜனவரியில் இறந்தார். ஆட்சி மாறிய பிறகுதான் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அங்கு நடந்ததை விசாரித்தது. காரணமின்றி அடைத்தாலும் நீதிமன்றத்தை நாட முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே கூறியது, ஐவரில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். அந்தச் சிறைக் கட்டடம் இன்று இல்லை. தினமும் அவ்வழியே மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லியிருக்கிறார்கள்?

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்: அரசியலில் பக்தி, வீழ்ச்சிக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்கும் கொண்டுபோய் விடும் என்று. எந்தக் கட்சி மேடையாக இருந்தாலும், தலைவரின் பெயரைச் சொன்னதும் எழுந்து ஆரவாரம் செய்யப் பழகிய நமக்கு அது நேராகச் சொன்ன சொல்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வரும் கல்வியாண்டில் ‘தேவையா’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ‘ஜெர்மனியில் 1933ஐத் தடுத்திருக்கக்கூடியவர்கள் யார்?’ என்று கேளுங்கள். ‘சான்றிதழுக்கு லஞ்சம் கேட்கும் அதிகாரியை மக்களாட்சிக்குள்ளேயே வழிக்குக் கொண்டுவருவது எப்படி?’ என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது, அந்த மாணவரின் அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். போட்டிக்கு முதல் நாள் தலைப்பைக் கொடுக்காமல் இரண்டு வாரமாவது முன்னதாகக் கொடுங்கள். எழும்பூர் கன்னிமாராவிலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் உட்கார்ந்து படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலில் குரல் வளத்துக்கு ஒதுக்குவதில் பாதியைச் சான்றுகளுக்கு ஒதுக்குங்கள். நடுவராக மட்டுமன்றி, போட்டிக்கு முன் மாணவர்களோடு உட்கார்ந்து இந்த வரலாற்றைப் பேசவும் நான் வரத் தயார், அழைத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் மேடைகளில் நடுவராக அமரும் ஒரு வரலாற்று ஆசிரியர்,
சென்னை